நீல முட்டையைத் தேடுவோருக்கு ஒரு வார்த்தை



விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ முட்டைக் கடைக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "வெள்ளை முட்டையா, நாட்டு முட்டையா?" வெண்மையாக இருந்தால் பண்ணை முட்டை; பழுப்பாக இருந்தால் நாட்டுக்கோழி முட்டை; பழுப்புக்கு விலை அதிகம், சத்தும் அதிகம். இப்படித்தான் நம்மில் பெரும்பாலோர் நம்புகிறோம். அண்மைக் காலத்தில் இந்த நம்பிக்கையோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. நீல முட்டையிடும் கோழி, பச்சை முட்டையிடும் கோழி, ஏன், கறுப்பு முட்டையிடும் கோழி என்றெல்லாம் விளம்பரங்கள் வருகின்றன. அடைவைக்கும் முட்டை ஒன்றுக்கே பெரிய விலை சொல்கிறார்கள். வீட்டில் நாலு கோழி வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும், "நம் வீட்டிலும் அப்படி ஒரு கோழி இருந்தால் எப்படி இருக்கும்!" என்று ஆசை வருகிறது.

ஆசை தவறில்லை. அபூர்வமான ஒன்றைக் காண வேண்டும் என்ற ஆசைதான் விஞ்ஞானத்தின் தாய். ஆனால் எதைத் தேடுகிறோம், எங்கே தேடுகிறோம், எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று தெரிந்துகொண்டு தேட வேண்டும். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் என் கருத்தைச் சொல்லப் போகிறேன். படித்துவிட்டு நீங்களே சீர்தூக்கிப் பாருங்கள்.

முட்டைக்கு நிறம் வருவது எப்படி?

கோழியின் உடலில் ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. மஞ்சள் கரு முதலில் வருகிறது. அதைச் சுற்றி வெள்ளைக் கரு சேர மூன்று மணி நேரம் போதும். பிறகு மெல்லிய சவ்வு. அதற்குப் பிறகுதான் நீண்ட வேலை: ஓடு கட்டும் வேலை. ஓட்டுச் சுரப்பி என்னும் பகுதியில் முட்டை சுமார் 20 மணி நேரம் தங்குகிறது. ஓட்டின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக் கல்லும் கிளிஞ்சலும் எதனால் ஆனவையோ அதே பொருள்தான். அது வெண்மையானது. ஆகவே எந்தக் கோழியின் முட்டையும் அடிப்படையில் வெள்ளை முட்டையே.

அதற்கு வண்ணம் பூசுபவை முக்கியமாக இரண்டு பொருள்கள். ஒன்று புரோட்டோபார்ஃபிரின், இது பழுப்பு நிறம் தரும். இன்னொன்று பிலிவெர்டின், இது நீல நிறம் தரும். இரண்டுமே இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் என்னும் பொருளின் உறவினர்கள். ஹீம் உருவாகும் பாதையில் முந்திய படி புரோட்டோபார்ஃபிரின். ஹீம் சிதையும்போது கிடைப்பது பிலிவெர்டின். விளையாடும்போது அடிபட்ட இடம் முதலில் சிவந்து, பிறகு கன்றிக் கறுத்து, சில நாள் கழித்துப் பச்சையாகத் தெரிவதைக் கண்டிருப்பீர்கள். அந்தப் பச்சைக்குக் காரணமும் பிலிவெர்டின்தான். உங்கள் முழங்காலில் தெரிகிற நிறமும் நீல முட்டையின் நிறமும் ஒரே குடும்பம்!

இரண்டு நிறங்களும் ஓட்டில் சேரும் விதத்தில் ஒரு வேறுபாடு உண்டு. பழுப்பு நிறம் பெரும்பாலும் கடைசிச் சில மணி நேரத்தில்தான் மேலே படிகிறது. நீலமோ ஓடு கட்டும்போதே கலந்து, ஓட்டின் உட்புறம் வரை ஊறிவிடுகிறது. உடைத்த பழுப்பு முட்டையின் ஓட்டைத் திருப்பி உட்புறத்தைப் பாருங்கள்: வெள்ளையாக இருக்கும். அதன் வெளிப்புறத்தில் எலுமிச்சைச் சாற்றைத் தடவிச் சிறிது நேரம் கழித்துப் பழைய பல் துலக்கியால் தேயுங்கள். அமிலம் ஓட்டின் மேற்பரப்பைக் கரைக்க, பழுப்பும் சேர்ந்து கழன்று, கீழே வெண்மை தெரியும். நீல முட்டையில் இப்படி நடக்காது. உள்ளும் புறமும் நீலம்தான். நீல ஓட்டின்மேல் பழுப்புப் படிந்தால் நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும். பச்சை முட்டையின் இரகசியம் அவ்வளவே.

நீலக் கோழியின் வரலாறு

நீல முட்டைக் கோழி நம் நாட்டுப் பறவை அன்று. தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் மாபூச்சே மக்கள் வளர்த்த கோழிகள்தான் உலகின் கண்ணில் முதலில் பட்டன. 1921ஆம் ஆண்டு ஹாலந்து நாட்டின் ஹேக் நகரில் நடந்த உலகக் கோழி மாநாட்டில், ஸ்பெயின் நாட்டுப் பேராசிரியர் சால்வடோர் காஸ்டெல்லோ இக்கோழிகளைப் பற்றி எடுத்துச் சொன்னார். அரவ்கானா என்ற பெயர் பரவியது. சீனாவில் டோங்சியாங், லூஷி என்னும் கோழி இனங்களும் நீல முட்டை இடுகின்றன.

மரபியல் பாடத்தில் நீங்கள் புன்னட் கட்டம் போட்டிருப்பீர்கள். அந்தப் புன்னட்தான் 1933இல் நீல முட்டையை ஆராய்ந்து, அந்தப் பண்பு ஓங்கு பண்பு என்று காட்டினார். தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து ஒரு நீல மரபணு வந்தாலே போதும், மகள் கோழி நீலமாகவோ பச்சையாகவோ முட்டை இடும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் அவரும் பீஸ் என்பவரும் செய்த வேலையிலிருந்து கிரீம் லெக்பார் என்ற நீல முட்டை இனமும் உருவாயிற்று. அந்த இனத்தில் குஞ்சு பொரித்த அன்றே அதன் தூவி நிறத்தைக் கொண்டு பெட்டையா சேவலா என்று சொல்லிவிடலாம்.

அந்த நீல மரபணு எங்கிருந்து வந்தது? இதற்கான விடை 2013இல்தான் கிடைத்தது. ஒரு காலத்தில் ஒரு வைரஸ், கோழியின் உயிரணுவுக்குள் புகுந்து, அதன் டி.என்.ஏ. இழையில் ஓர் இடத்தில் தன்னைச் செருகிக்கொண்டது. பக்கத்தில் இருந்த மரபணு வழக்கமாகக் கல்லீரலில் வேலை செய்வது. வைரஸ் செருகியதால் அது ஓட்டுச் சுரப்பியிலும் வேலை செய்யத் தொடங்கியது. பிலிவெர்டின் ஓட்டில் சேர்ந்தது, முட்டை நீலமாயிற்று. இதில் வியப்பு என்னவென்றால், தென் அமெரிக்கக் கோழியிலும் சீனக் கோழியிலும் அதே இன வைரஸ், ஏறக்குறைய அதே இடத்தில், ஆனால் தனித்தனியே இரு முறை செருகியிருக்கிறது. நீல முட்டை, பழைய நோய் ஒன்று விட்டுச் சென்ற தழும்பு என்றே சொல்லலாம். அந்த முட்டையை உண்பதால் நமக்குத் தீங்கு ஒன்றுமில்லை. நம் உடலின் டி.என்.ஏ.யிலும் இப்படிப் பழைய வைரஸ்களின் மிச்சங்கள் நிறைய உண்டு.

நீல முட்டை நம் ஊரிலேயே இருக்கிறது

நீல முட்டையைப் பார்க்கச் சிலிக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் தெருவிலேயே இருக்கிறது. ஆனால் கோழிக் கொடாப்பில் இல்லை, மரத்தில் இருக்கிறது. மைனா நீல முட்டை இடுகிறது. கூட்டமாகக் கத்திக்கொண்டு வேலியோரம் தாவும் தவிட்டுக் குருவியின் முட்டை பளபளப்பான அடர் நீலம். காக்கை முட்டை நீலப்பச்சை, அதன்மேல் பழுப்புப் புள்ளிகள். திண்டிவனத்துக்கு வடக்கே இருக்கும் வேடந்தாங்கலில் கூடு கட்டும் சின்னக் கொக்குகளின் முட்டையும் வெளிறிய நீலப்பச்சைதான்.

இந்த நிறங்களை வைத்துப் பறவைகள் ஆடும் ஆட்டத்தைக் கேளுங்கள். சுடலைக் குயில் தன் முட்டையைத் தவிட்டுக் குருவியின் கூட்டில் கள்ளத்தனமாக இடுகிறது. அதன் முட்டையும் நீலம்! கூட்டுக்காரிக்கு வேறுபாடு தெரிவதில்லை. ஏரிக் கரையிலும் தரிசு நிலத்திலும் தரையிலேயே முட்டை இடும் ஆள்காட்டிக் குருவியின் முட்டையோ மண் நிறத்தில் கறுப்புத் திட்டுக்களோடு இருக்கும். இரண்டடி தூரத்தில் நின்றாலும் மண்ணாங்கட்டி என்றுதான் நினைப்போம். பொந்துக்குள் முட்டையிடும் கிளி, ஆந்தை, மீன்கொத்தி ஆகியவற்றுக்கு ஒளிக்க வேண்டிய தேவை இல்லை. அவற்றின் முட்டைகள் வெள்ளை. ஆனால் பொந்தில் முட்டையிடும் மைனாவின் முட்டை ஏன் நீலம்? இந்தக் கேள்வியை உங்களிடமே விடுகிறேன். எல்லா விதிக்கும் விலக்கு இருப்பதுதான் இயற்கையின் சுவை.

ஓர் எச்சரிக்கை. காட்டுப் பறவைகளின் கூட்டைத் தொடாதீர்கள், முட்டையை எடுக்காதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தடுக்கிறது. தூர நின்று பாருங்கள். குஞ்சு பொரித்தபின் கீழே விழுந்து கிடக்கும் ஓட்டுத் துண்டு போதும், நிறம் தெரிந்துகொள்ள.

நிறத்தில் சத்து இருக்கிறதா?

இல்லை. ஓட்டின் நிறத்துக்கும் உள்ளே இருக்கும் சத்துக்கும் தொடர்பு இல்லை. ஓட்டை நாம் உண்பதில்லை. அதில் பூசிய வண்ணம் கருவுக்குள் இறங்குவதும் இல்லை. பள்ளிச் சத்துணவில் கிடைக்கும் வெள்ளை முட்டையில் இருக்கும் ஆறு கிராம் அளவு புரதம், நீல முட்டையிலும் பழுப்பு முட்டையிலும் அதே எடைக்கு ஏறக்குறைய அதே அளவுதான் இருக்கும். "வெள்ளை முட்டைதானே" என்று அதை ஒதுக்கிவைக்கும் மாணவர் இருந்தால், அவருக்கு இதைச் சொல்லுங்கள்.

மஞ்சள் கருவின் நிறம் வேறு செய்தி. அது கோழி தின்னும் தீனியைப் பொறுத்தது. கீரை, புல், மஞ்சள் சோளம் தின்றால் கரு ஆழ்ந்த நிறம் பெறும்.

பழுப்பாக இருந்தால் நாட்டுக்கோழி முட்டை என்பதும் தவறு. பழுப்பு முட்டை இடுவதற்கென்றே வளர்க்கப்பட்ட பண்ணைக் கோழிகள் உண்டு. கூண்டில் அடைபட்டு, ஆண்டுக்கு 300 முட்டை அளவில் இடும் அந்தக் கோழியின் முட்டையை "நாட்டு முட்டை" என்று சொல்லி அதிக விலைக்கு விற்றால் வாங்குபவர் ஏமாறுகிறார். வெள்ளை முட்டைக்குத் தேயிலைச் சாயம் ஏற்றி விற்பவர்களும் இல்லாமலில்லை. நிறத்துக்கு நாம் கொடுக்கும் மரியாதைதான் இந்த ஏமாற்றுக்கு மூலதனம். நிறத்தை நம்புவதை நாம் நிறுத்தினால் சாயம் தோய்ப்பவருக்கு வேலை இல்லை.

கறுப்பு முட்டைக் கதையும் இப்படித்தான். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதியிலிருந்து வந்த கடக்நாத் கோழிக்குத் தோல், இறைச்சி, எலும்பு எல்லாம் கறுப்பு. 2018இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. உள்ளெல்லாம் கறுப்பாக இருந்தால் முட்டையும் கறுப்பாகத்தானே இருக்கும் என்று எண்ணுகிறார்கள். உண்மையில் அதன் முட்டை வெளிர் பழுப்பு. உடலைக் கறுப்பாக்குவது மெலனின். முட்டை ஓட்டுக்கு நிறம் தருவது வேறு பொருள்கள். கறுப்புக் கோழி முட்டை என்று கறுப்பு முட்டையின் படத்தைக் காட்டி ஒருவர் விற்க வந்தால், அவரிடம் எதையும் வாங்காமல் இருப்பதே நல்லது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நேர்மையான விற்பவரிடமே வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 12 முட்டை வாங்கி அடைவைக்கிறீர்கள். தொலைவிலிருந்து குலுங்கி வந்த முட்டைகளில் 8 பொரிந்தால் அதுவே நல்ல காலம். எட்டில் பாதி சேவல் என்றால் பெட்டை 4. பெற்றோரில் ஒன்றுக்கு மட்டுமே நீல மரபணு, அதுவும் ஒற்றையாக இருந்தால், அந்த நான்கில் நீல முட்டை இடப்போவது சராசரியாக 2. அவை எவை என்று அறிய ஏறக்குறைய ஆறு மாதம் தீனி போட்டுக் காத்திருக்க வேண்டும். இதற்குள் கீரிப்பிள்ளையும் பருந்தும் நோயும் தத்தம் பங்கைக் கேட்கும். பெற்றோரில் ஒன்றாவது தூய நீல இனமாக இருந்தால்தான் எல்லாப் பெட்டையும் நீலமாகவோ பச்சையாகவோ முட்டை இடும். அது தூய இனமா என்று முட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. பச்சைக் கலப்பினச் சேவலைப் பார்த்தும் சொல்ல முடியாது, சேவல் முட்டை இடுவதில்லையே!

இதைவிடப் பெரிய கவலை நோய். வெள்ளைக் கழிச்சல் என்று நம் கிராமத்தார் சொல்லும் நோய்க்கு ராணிக்கெட் நோய் என்ற பெயர் ஏன் வந்தது தெரியுமா? 1927ஆம் ஆண்டளவில் இந்தியாவில் அது அடையாளம் காணப்பட்ட மலைநகரின் பெயர் அது. ஒரு தெருவில் நுழைந்தால் கொடாப்புக் கொடாப்பாகக் காலி செய்துவிடும். எங்கிருந்தோ வந்த குஞ்சுகளை, தனியே வைத்துப் பார்க்காமல், அன்றே மற்றக் கோழிகளோடு விட்டால், உங்கள் ஆசைக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டி விலை கொடுக்க நேரும். அந்தப் பாட்டிக்கு நாலு கோழி என்பது பொழுதுபோக்கு அன்று. பேரனின் நோட்டுப் புத்தகச் செலவு, அவசரத்துக்கு மருந்துச் செலவு.

நம் கொடாப்பில் இருப்பது என்ன?

இப்போது என் முக்கியமான கருத்துக்கு வருகிறேன். அபூர்வம் என்று நாம் வெளியில் தேடிக்கொண்டிருக்கும்போது, நம் வீட்டுப் பின்புறத்தில் இருந்தது அபூர்வமாகிக்கொண்டிருக்கிறது.

2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கோழி முதலிய பறவைகள் 85 கோடிக்கு மேல். அவற்றில் 12 கோடிக்கு மேல் தமிழ்நாட்டில். மாநிலங்களில் நமக்கே முதலிடம். ஆனால் நாடு முழுவதிலும் வீட்டுப் புறக்கடையில் வளர்பவை 32 கோடி அளவுதான். மற்றவை வணிகப் பண்ணைப் பறவைகள். அவை பெரும்பாலும் சில மரபுகளிலிருந்தே வந்தவை, ஒன்றைப்போல் ஒன்று இருப்பவை. அவற்றின் பயனை நான் குறைத்துச் சொல்லவில்லை. மலிவாக முட்டை கிடைத்து ஏழைக் குழந்தையின் தட்டில் விழுகிறது என்றால் அது அந்த வெள்ளைக் கோழியின் தயவு. ஆனால் ஒரே மரபில் எல்லாவற்றையும் வைத்துவிட்டு, மற்ற மரபுகளைக் கைவிடுவது அறிவுடைமை ஆகாது.

நம் சிறுவிடைக் கோழியைப் பாருங்கள். சிறிய உடல். ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைதான். முட்டையும் சிறியது, நிறம் வெளிர் பழுப்பும் பால் நிறமும். ஆனால் அது அடைக்குப் படுக்கும், தானே குஞ்சு பொரிக்கும், பருந்தின் நிழல் விழுந்தால் குஞ்சுகளை இறகுக்குள் அழைக்கும், குப்பையைக் கிளறித் தன் தீனியைத் தானே தேடிக்கொள்ளும். வணிக முட்டைக் கோழிகளில் அடைப் பழக்கத்தையே மனிதர் தேர்ந்து விலக்கிவிட்டனர். அடைக்குப் படுக்கும் கோழி அந்த நாள்களில் முட்டை இடாதல்லவா? இயந்திரம் நின்றால் அந்தக் கோழிக்கு வம்சம் இல்லை. பெருவிடைக் கோழி உண்டு. காகம், மயில், கீரி, நூலான், வல்லூறு என்று இறகு நிறத்துக்கு ஒரு பெயர் வைத்துச் சொல்லும் கட்டுச்சேவல் மரபும் உண்டு. சேவற்சண்டையை நான் ஆதரிக்கவில்லை; ஆனால் அவ்வளவு நுட்பமாகப் பறவையைப் பார்த்துப் பெயரிட்ட கண் நமக்கு வேண்டும்.

இன்னொன்றையும் சொல்கிறேன். கழுத்தில் இறகில்லாத கோழியைப் பார்த்திருப்பீர்கள். கழுத்து மொட்டை, அழகில்லை என்று பலர் அடைவைப்பதில்லை. அந்த மொட்டைக் கழுத்து ஒரு மரபணுவின் வேலை. இறகு குறைவதால் உடற்சூடு எளிதில் வெளியேறுகிறது. வெயில் நாட்டில் அந்தக் கோழி தளராமல் வளர்கிறது. திண்டிவனத்துச் சித்திரை வெயிலில் எது விலைமதிப்புள்ளது? கண்ணுக்கு அழகான நீல ஓடா, கண்ணுக்கு அழகற்ற அந்தக் கழுத்தா? என்னைக் கேட்டால் கழுத்துத்தான் என்பேன். அரவ்கானாவின் காதோரம் அழகாக நிற்கும் இறகுக் கொத்துக்கு ஒரு விலை இருப்பதையும் அறிந்துகொள்ளுங்கள்: அந்த மரபணு தாய், தந்தை இருபக்கமிருந்தும் வந்து இரட்டையாகிவிட்டால் குஞ்சு முட்டைக்குள்ளேயே இறந்துவிடும்.

திண்டிவனம் கற்றுத் தரும் பாடம்

உழவர்களுக்குத் திண்டிவனம் என்றால் நிலக்கடலை நினைவுக்கு வரும். டி.எம்.வி. என்று தொடங்கும் கடலை, எள் இரகங்களின் பெயரில் இருக்கும் எழுத்துகள் திண்டிவனத்தைக் குறிப்பவை; அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்தவை அவை. 1940இல் வெளிவந்த டி.எம்.வி. 2 என்னும் நிலக்கடலை, கடல் கடந்து தேடிக் கொண்டுவந்த அதிசயம் அன்று. குடியாத்தம் கொத்துக்கடலை என்று நம் நிலத்தில் ஏற்கெனவே விளைந்துகொண்டிருந்ததில், நல்ல செடிகளைப் பார்த்துப் பொறுக்கி எடுத்து உருவாக்கியது. பல மாநிலங்களில் பல பத்தாண்டுகள் அது விளைந்தது. பார்த்தார்கள், குறித்தார்கள், பொறுக்கினார்கள். வேறு மந்திரம் இல்லை.

கோழிக்கும் அதே வழிதான் வேண்டும். ஹரியானாவின் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவள நிறுவனம், நம் நாட்டுக் கோழி இனங்களை ஆராய்ந்து பதிவு செய்கிறது. அசீல், கடக்நாத், தலைச்சேரி, நிக்கோபாரி என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. ஒரு பறவை இனமாகப் பதிவாக வேண்டுமானால், அது எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது, எப்படி இருக்கிறது, தலைமுறைக்குத் தலைமுறை மாறாமல் வருகிறதா என்ற விவரம் வேண்டும். அந்த விவரம் யாரிடம் இருக்கிறது? கோழி வளர்க்கும் பெண்களிடம் இருக்கிறது. எந்தக் கோழி எப்படி முட்டை இடும், எது நல்ல அடைக்கோழி, எதன் குஞ்சு தப்பிப் பிழைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். எழுதி வைக்கத்தான் ஆள் இல்லை.

எதிர்வாதத்துக்கு என் பதில்

"அப்படியானால் வெளி இனமே வேண்டாமா? நீல முட்டைக்கு நல்ல விலை கிடைத்தால் ஒரு விவசாயி சம்பாதிக்கக் கூடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தாராளமாகச் சம்பாதிக்கலாம். நிலக்கடலையே தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதானே! வெளியிலிருந்து வருவதெல்லாம் கெடுதல் என்பது என் வாதம் இல்லை. மூன்று நிபந்தனைகள் போதும். நீல முட்டை அழகுக்கு என்று சொல்லி விற்க வேண்டும். மருந்து என்று சொல்லி விற்கக் கூடாது. வெளியிலிருந்து வந்த பறவையைச் சில வாரம் தனியே வைத்து, தடுப்பூசி போட்டுப் பிறகே சேர்க்க வேண்டும். அந்தச் சேவலைத் தெருவில் திரியவிட்டு நாட்டுக் கோழிகளோடு கலக்க விடக் கூடாது. கலந்த பாலையும் நீரையும் பிறகு பிரிக்க முடியாது. நம் கிராமத்துக் கோழி எது என்று எழுதி வைப்பதற்கு முன்பே அதைக் கலைத்துவிட்டால், எதை இழந்தோம் என்றுகூட நமக்குத் தெரியாமல் போய்விடும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் கோழி வளர்க்கும் 20 வீடுகளுக்குப் போங்கள். பெரியவர்களிடம் அனுமதி கேட்டு, ஒவ்வொரு பெட்டைக் கோழிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இறகின் நிறம், கொண்டையின் வடிவம், காலின் நிறம், கழுத்தில் இறகு உண்டா இல்லையா என்று குறியுங்கள். காது மடலின் நிறத்தையும் குறியுங்கள். காது மடல் வெள்ளையாக இருந்தால் முட்டை வெள்ளை, சிவப்பாக இருந்தால் பழுப்பு என்று பொதுவாகச் சொல்வார்கள். உங்கள் தெருவில் அது எத்தனைக்குச் சரி, எத்தனைக்குத் தவறு என்று எண்ணுங்கள்.

காலின் நிறத்தை ஏன் கேட்டேன் தெரியுமா? கோழியின் முன்னோர் சிவப்புக் காட்டுக்கோழி என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் மஞ்சள் கால், மஞ்சள் தோல் தரும் மரபணு தென்னிந்தியக் காடுகளின் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் கண்டறிந்தார்கள். அந்தக் காட்டுக்கோழியின் விஞ்ஞானப் பெயரில், 18ஆம் நூற்றாண்டில் விழுப்புரத்துக்குப் பக்கத்துப் புதுச்சேரியில் இருந்த சொன்னேரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆராய்ச்சியாளரின் பெயர் இருக்கிறது. உலகெங்கும் பண்ணைகளில் நடக்கும் மஞ்சள் கால் கோழிகள் நம் தென்னாட்டுக் காட்டின் அடையாளத்தைச் சுமந்துகொண்டு நடக்கின்றன!

பிறகு முட்டை. நிறம் வெள்ளையா, பால் நிறமா, வெளிர் சிவப்பா, பழுப்பா? மளிகைக் கடைத் தராசில் எடை என்ன? ஒரு பருவத்தில் எத்தனை முட்டை, எத்தனை அடைவைத்தார்கள், எத்தனை பொரிந்தன, இரண்டு மாதம் கழித்து எத்தனை குஞ்சு மிஞ்சின? ஒரே கோழியின் பழுப்பு முட்டை திடீரென்று வெளிறினால் அதையும் குறியுங்கள். கடும் வெயில், அச்சம், நோய் ஆகியவற்றால் அப்படி ஆவதுண்டு. முட்டை ஓடு கோழியின் உடல்நலம் சொல்லும் கடிதம். முட்டையைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ மறக்காதீர்கள்.

நோட்டு நிரம்பியதும் உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். ஊரின் கால்நடை மருத்துவரிடமும், திண்டிவனத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் காட்டலாம். கழிச்சல் தடுப்பூசி முகாம் நடக்கும்போது அந்த 20 வீட்டுக் கோழிகளும் ஊசி போட்டுக்கொண்டனவா என்று பாருங்கள். அது ஒன்றே உங்கள் ஆராய்ச்சிக்குப் போதிய பயன்.

ஒருவேளை உங்கள் தேடலில், வெளிக் கலப்பு எதுவும் இல்லாத ஏதோ ஒரு கிராமத்து மூலையில், நீலச் சாயலுள்ள முட்டை இடும் கோழி ஒன்று அகப்பட்டால்? அதை விற்றுவிடச் சொல்லாதீர்கள். சிலியிலும் சீனாவிலும் செருகிய அதே வைரஸ் மூன்றாம் முறையாக இங்கே செருகியதா, அல்லது யாரோ வாங்கிவந்த கோழியின் பேத்தியா என்று டி.என்.ஏ. சோதனை சொல்லிவிடும். இரண்டில் எது விடையானாலும், அந்தக் கேள்வியைக் கேட்கும் தகுதி நோட்டு வைத்திருப்பவருக்குத்தான் உண்டு.

நீல முட்டை கிடைக்காவிட்டாலும் குறைவில்லை. உங்கள் தெருவின் கோழிகளைப் பற்றி இதுவரை யாரும் எழுதாத ஒரு புத்தகம் உங்கள் கையில் இருக்கும். நாளைக்கே தொடங்குங்கள்.